அலை கடத்தியவர்கள்
கப்பலோட்டிகளின் நினைவில் சென்னைக் கரைத் தொழிலாளர்

(மைசூரில் தமிழன்பர்கள் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



துறைமுகத் தொழிலாளர்களைப் பற்றி மைசூரில் வந்து பேசுவதா என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கும் மேலே இருக்கிற ஊர் இது. அலையோசை கேட்க வேண்டுமானால் மலையிறங்கி மங்களூருக்குப் போகவேண்டும். ஆனாலும் இந்த ஊரின் பெயர் கடலில் நெடுங்காலம் ஓடியிருக்கிறது. 1939இல் இங்கிலாந்தில் நீரில் இறக்கப்பட்ட ‘நைஜீரியா’ என்ற போர்க்கப்பலை இந்தியா வாங்கி, புதுப்பித்து, 1957 ஆகஸ்டில் ‘ஐ.என்.எஸ். மைசூர்’ என்ற பெயரில் கடற்படையில் சேர்த்தது. 1971 போரில் மேற்குக் கடற்படை அணிக்கு அதுதான் தலைமைக் கப்பல். 1985இல் அது ஓய்வு பெற்றது. மும்பை மசகான் தளத்தில் கட்டிய புதிய கப்பல் 1999இல் அதே பெயரை ஏற்றது. மைசூர் அரசின் கண்டபேருண்டப் பறவை அதன் சின்னத்தில் இருக்கிறது.

கடற்படையிலும் வணிகக் கப்பல்களிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களிடம் பேச உட்காருங்கள். புயலையும் போரையும் பற்றி இரண்டு வார்த்தை சொல்வார்கள். பிறகு பேச்சு அயல் துறைமுகத்து மனிதர்களிடம் போய்விடும். கரையிலிருந்து முதலில் கப்பலை நெருங்கி வந்த படகுக்காரர், துணி வெளுத்துத் தந்தவர், மூட்டை இறக்கியவர், துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடித்தவர், பழம் விற்றவர். கடலோடி அந்த நாட்டின் அரசரையோ அமைச்சரையோ பார்ப்பதில்லை. அவன் கண்டு பழகிய முதல் குடிமகன் துறைமுகத் தொழிலாளிதான்.

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், நம் ஊரே மற்றவர்களுக்கு அயல் துறைமுகமாக இருந்த காலத்தைப் பற்றியது. சென்னைக்கு வந்த ஐரோப்பியக் கடலோடிகள் நம் கரைத் தொழிலாளர்களை எப்படி நினைவு வைத்திருந்தார்கள்? அந்த நினைவில் என்ன இருக்கிறது? எது விடுபட்டது? விடுபட்டதை எழுதவேண்டியவர் யார்? இந்தக் கேள்விகளை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் அந்தக் கரையைக் கண்முன் கொண்டுவந்துகொள்வோம். 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் இடம் பெற்றபோது அங்கே துறைமுகம் என்று சொல்லத்தக்க ஒன்றும் இல்லை. கப்பல் ஒதுங்க ஒரு குடாவோ, ஆழமான ஆற்று முகமோ கிடையாது. நேர்க்கோடு போட்டதுபோன்ற மணற்கரை, அதன்மேல் வங்கக் கடலின் அலை வந்து உடைந்துகொண்டே இருக்கும். பெரிய கப்பல்கள் கரையிலிருந்து ஒன்று இரண்டு மைல் தள்ளித் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நின்றன. அங்கிருந்து கரைவரைக்கும் உள்ள தூரம்தான் இங்கிலாந்திலிருந்து வந்த பயணம் முழுவதிலும் அச்சம் மிகுந்த பகுதி என்று எழுதியவர்கள் பலர்.

காரணம் எளிது. கப்பலோடு வந்த படகுகள் ஆணி அடித்து, சட்டம் போட்டு, விறைப்பாகக் கட்டப்பட்டவை. அலை அவற்றைத் தூக்கி மணலில் அறைந்தால் பலகை பிளந்துவிடும். ஐரோப்பியக் கப்பல்களின் படகு எதுவும் அந்த அலையில் நம்பி இறங்கத்தக்கதாக இல்லை. ஆகவே கப்பலில் வந்த ஆளுநர், படைத்தலைவர், பாதிரியார், வியாபாரி, புதுமணப்பெண், பெட்டிப்பெட்டியாய் வெள்ளி நாணயம், பீரங்கி, வெடிமருந்து, குதிரை எல்லாமே அந்தக் கரையின் படகோட்டிகள் கையில் ஒப்படைக்கப்பட்டன. ஏறத்தாழ இருநூற்று நாற்பது ஆண்டுகள் இதுதான் நடைமுறை.

மைசூரில் நின்றுகொண்டு இதைச் சொல்லும்போது இன்னொரு செய்தியும் சேர்த்துச் சொல்லவேண்டும். 1799 மே மாதம் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அந்தப் போருக்காக ஆங்கிலத் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லியும் அவருடைய படைப்பிரிவும் 1798இல் கடல் வழியாகத்தான் சென்னைக்கு வந்தார்கள். அன்று சென்னையில் தரையிறங்க வேறு வழியே கிடையாது. திப்புவின் கோட்டைக்கு எதிரே போய் நின்ற படையில் சென்னை வழியாக வந்த ஒவ்வொரு வெள்ளைச் சிப்பாயையும் ஒரு தமிழ்ப் படகோட்டி அலை கடத்திக் கரை சேர்த்திருக்கிறான். சரித்திரப் புத்தகங்கள் படைத்தலைவர்களின் பெயரைச் சொல்கின்றன. அந்தப் படகோட்டியின் கூலி என்ன, ஊர் எது, பெயர் எது என்று எந்தப் புத்தகமும் சொல்வதில்லை.

அந்தப் படகு எப்படிப்பட்டது? ஆங்கிலேயர் மசூலாப் படகு என்றார்கள். புதுச்சேரிப் பக்கம் சலங்கு. சுமார் முப்பது அடி நீளம், பத்தடி அகலம், ஆழமான வயிறு, தட்டையான அடி. உள்ளே விலா எலும்பு போன்ற சட்டங்கள் கிடையாது. ஓர் ஆணிகூட இல்லை. பலகைகளின் ஓரத்தில் வரிசையாகத் துளை போட்டு, தேங்காய் நார்க் கயிற்றால் ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்திருப்பார்கள். தையல் வரிசையின் அடியில் வைக்கோலோ நாரோ திணித்திருக்கும். நனைந்ததும் அது உப்பி இடைவெளியை அடைக்கும். அலை தூக்கி மணலில் போட்டால் இந்தப் படகு முழுவதும் நெளியும், வளையும், முனகும், ஆனால் உடையாது. அறைந்த வேகத்தைத் தையல் தாங்கிக்கொள்ளும். தண்ணீர் கசியத்தான் செய்யும். அதற்காகவே ஓர் ஆள் ஓயாமல் நீர் இறைத்துக்கொண்டிருப்பான். ஆறு மாதம், ஒரு வருடத்தில் கயிறு இற்றுப்போகும். அப்போது தையலைப் பிரித்து, பலகையை அடுக்கி, புதுக் கயிற்றால் மறுபடி தைப்பார்கள். கடலின் போக்கை அறிந்து, அதற்கு எதிர்த்து நிற்காமல் இசைந்து கொடுக்கும்படி கட்டிய கருவி அது. இதைக் கண்டுபிடித்தவர்கள் பொறியியல் கல்லூரியில் படித்தவர்கள் இல்லை. கரையோரக் குப்பத்துத் தச்சர்களும், தண்டல்கள் எனப்பட்ட படகுத் தலைவர்களும்தான்.

இனி அந்தப் பயணத்தைப் பார்ப்போம். கப்பலின் பக்கத்தில் படகு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். பயணி ஏணியில் தொங்கி, படகு மேலே வரும் நொடி பார்த்துக் குதிக்கவேண்டும். எட்டு முதல் பன்னிரண்டு பேர் துடுப்பு வலிப்பார்கள். பின்முனையில் தண்டல் நின்றுகொண்டு நீளமான தண்டால் படகைத் திருப்புவான். பாட்டுக்கு ஏற்பத் துடுப்பு விழும். ஒருவன் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். அந்தப் பாட்டின் ஓசையைத் தங்கள் எழுத்தில் பிடித்துக்கொள்ள முயலாத கடலோடிகள் குறைவு.

அலை உடையும் வரிசைக்கு வெளியே வந்ததும் பாட்டு நின்றுவிடும். தண்டல் பின்னால் திரும்பிக் கடலைப் பார்ப்பான். படகு அங்கேயே மிதந்துகொண்டிருக்கும். ஓர் அலையை விடுவான். அடுத்ததையும் விடுவான். பயணிக்கு ஒன்றும் புரியாது. கரை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, ஏன் போகாமல் நிற்கிறார்கள் என்று பதறுவான். தண்டலோ வரும் அலைகளின் உயரத்தையும் இடைவெளியையும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறான். தனக்கு வேண்டிய அலை கீழே வந்ததும் ஒரு கூச்சல் போடுவான். அத்தனை பேரும் உயிரைக் கொடுத்து வலிப்பார்கள். அலை படகை முதுகில் ஏற்றிக்கொண்டு பாயும். முன்னே போகும் அலையை முந்தக் கூடாது, பின்னே வரும் அலையிடம் சிக்கவும் கூடாது. படகு கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பிவிட்டால் கவிழ்ந்துவிடும். இப்படி இரண்டு மூன்று வரிசை அலைகளைத் தாண்டவேண்டும். கடைசியாக மணலில் மோதியதும் துடுப்பாளர்கள் குதித்துப் படகைப் பிடித்துக்கொள்ள, கரையில் காத்திருப்பவர்கள் கயிற்றை இழுத்து மேலே ஏற்ற, பயணியைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் உலர்ந்த மணலில் இறக்குவார்கள்.

நண்பர்களே, ஒன்றைக் கவனியுங்கள். கப்பலில் நூற்றுக்கணக்கான பேருக்கு ஆணையிடும் தலைவன் அந்த ஒரு மைல் தூரத்தில் எதற்கும் ஆணையிட முடியாது. எப்போது போவது, எப்போது நிற்பது, எந்த அலையைப் பிடிப்பது, எல்லாம் தண்டலின் முடிவு. கடலில் தலைநரைத்த மாலுமி ஒருவன் இன்னொரு மாலுமியின் திறமையை உட்கார்ந்து பார்க்கவேண்டிய கட்டாயம் அது. அதனால்தான் பிற பயணிகள் எழுதியதைவிடக் கடலோடிகள் எழுதியது ஆழமாக இருக்கிறது. பயணிகள் தங்கள் பயத்தை எழுதினார்கள். கடலோடிகள் வேலையை எழுதினார்கள்.

அவர்களில் நால்வரை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன். முதலாமவர் தாமஸ் பவுரி. 1669 முதல் பத்தாண்டுகள் வங்கக் கடலில் சுற்றிய ஆங்கிலக் கடல்வணிகர். சோழமண்டலக் கரையின் தைத்த படகையும் கட்டுமரத்தையும் விவரித்துப் படமும் வரைந்து வைத்தார். அவருடைய கையெழுத்துப் பிரதி 1905இல்தான் அச்சேறியது. இரண்டாமவர் வில்லியம் டாம்பியர். உலகைச் சுற்றிய இந்தக் கடலோடி 1690இல் சென்னையில் சில மாதங்கள் தங்கினார். 1697இல் வெளிவந்த நூலில், தென்னமெரிக்கப் பெருவின் மிதவை மரங்களோடு நம் கட்டுமரத்தை ஒப்பிட்டு எழுதினார். மூன்றாமவர் பிரிட்டிஷ் கடற்படையின் கேப்டன் பாஸில் ஹால். 1831 முதல் வெளிவந்த தம் பயண நினைவுகளில் சென்னையின் அலையைப் பற்றித் தனிப் பகுதியே எழுதினார். நான்காமவர் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி எட்மோன் பாரி. 1826க்கும் 1840க்கும் இடையில் மூன்று முறை உலகைச் சுற்றிய பயணங்களில் பங்கெடுத்தவர். போன இடமெல்லாம் உள்ளூர்ப் படகுகளை அளவெடுத்து வரைந்தார். 1840களின் தொடக்கத்தில் அச்சான அவருடைய பெரும் தொகுப்பில் நம் கரையின் சலங்கும் கட்டுமரமும் இருக்கின்றன. நம் தச்சர்களின் தொழில்நுட்பத்தைக் கோடு பிசகாமல் காப்பாற்றித் தந்தவர் ஒரு பிரெஞ்சு மாலுமி. அதற்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

கட்டுமரக்காரர்களுக்கு அந்த நினைவுகளில் தனி மரியாதை. எடை குறைந்த மரக்கட்டை மூன்றோ நான்கோ எடுத்து, முனையைச் சீவி, கயிற்றால் கட்டினால் கட்டுமரம். அதில் உட்கார இடமில்லை, பிடிக்கக் கைப்பிடியில்லை. இருவர் மூவர் மண்டியிட்டுத் துடுப்புப் போடுவார்கள். படகே இறங்கமுடியாத நாளில்கூடக் கட்டுமரம் போகும். புயற்காலத்தில் கரையில் அபாயக் கொடி ஏறிவிட்டால் கப்பலுக்கும் கோட்டைக்கும் இடையே வேறு தொடர்பு கிடையாது. அப்போது கடிதம் கொண்டுபோனவர்கள் இவர்கள். ஓலையால் முடைந்த கூர்மையான தொப்பிக்குள் கடிதத்தை வைத்துத் தலையில் இறுக்கிக்கொள்வார்கள். அலை ஆளைத் தூக்கி எறியும். முழுகி எழுந்து நீந்தி மரத்தை எட்டிப் பிடித்து மறுபடி ஏறிக்கொள்வார்கள். கப்பல் தளத்துக்கு வந்து தொப்பியைக் கழற்றினால் கடிதம் நனையாமல் இருக்கும். மசூலாப் படகில் பெரிய மனிதர்கள் வரும்போது பக்கத்திலேயே கட்டுமரங்கள் துணைக்கு வரும். படகு கவிழ்ந்தால் விழுந்தவரைத் தூக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. சுறா திரியும் நீரில் குதித்து உயிர் காத்தவர்களுக்கு அரசு பதக்கம் கொடுத்தது. அந்தப் பதக்கத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலைக்கு வந்தவர்களைக் கடலோடிகள் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

இவ்வளவும் புகழ்ச்சி. இதே எழுத்துகளில் குற்றச்சாட்டும் உண்டு. நடு அலையில் படகை நிறுத்திவிட்டு அதிகப்படியாகக் காசு கேட்டார்கள், கூச்சல் போட்டார்கள், சாமான் காணாமல் போனது என்ற புகார்கள் திரும்பத் திரும்ப வரும். இதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் முழுக்கணக்கையும் பார்க்கவேண்டும். படகுக் கூலியைத் தீர்மானித்தது கம்பெனியின் துறை அதிகாரி. அந்தக் கூலியில் உயிருக்கு விலை சேரவில்லை. படகு உடைந்தாலும் ஆள் செத்தாலும் இழப்பு குப்பத்துக்கு. கேட்கவேண்டிய இடத்தில் கேட்டுப் பெறமுடியாதவன், தன் சொல் செல்லும் ஒரே இடமான அலை நடுவில் கேட்டான். அன்றைய பயணிக்கு அது மிரட்டலாகப் பட்டது. தொழிலாளர் வரலாறு படித்த நாம் அதைக் கூலிப் பேச்சு என்று அறிந்துகொள்ள முடியும்.

இப்போது என் பேச்சின் மையத்துக்கு வருகிறேன். இத்தனை நினைவுகளில், இத்தனை பக்கங்களில், ஒரு தண்டலின் பெயர் இல்லை. பவுரி எழுதினார், டாம்பியர் எழுதினார், ஹால் எழுதினார், பாரி வரைந்தார். படகின் நீளம் இருக்கிறது, துளையின் இடைவெளி இருக்கிறது, பாட்டின் ஓசை இருக்கிறது. பாடியவன் யார் என்பது மட்டும் இல்லை. தன் உயிரைக் காப்பாற்றியவனைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதியவர்கூட, உன் பெயர் என்ன என்று கேட்டதாகத் தெரியவில்லை.

அயலார் கேட்கவில்லை என்று மட்டும் வருந்திப் பயனில்லை. நம்மவர்களும் கேட்கவில்லை. புதுச்சேரியில் 1736 முதல் கால் நூற்றாண்டு நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை, எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி போட்டார்கள், யார் இறங்கினார் என்று நுணுக்கமாகப் பதிந்தார். சலங்கு அந்தக் குறிப்புகளில் வரும். சலங்கு வலித்தவர்களின் பெயர் வருவது அரிது. மொழிபெயர்ப்பும் வணிகத் தரகும் பார்த்த துபாஷ் அவர். அவருடைய பார்வை கப்பலில் வந்தவர் மேலும் சரக்கின் மேலும் இருந்தது.

இன்னும் பின்னே போவோம். இந்த மைசூரின் கீழ்த்திசை நூலகத்தில்தான் ஆர். சாமசாஸ்திரி அர்த்தசாஸ்திர ஓலைச்சுவடியைக் கண்டு 1909இல் அச்சிட்டார். அந்த நூலில் கப்பல் துறைக் கண்காணிப்பாளருக்கென்று ஓர் அதிகாரம் உண்டு. பெரிய ஆறுகளில் ஓடும் மரக்கலத்தில் தலைவன், சுக்கான் பிடிப்பவன், கயிறு பிடிப்பவன், நீர் இறைப்பவன் எல்லோரும் இருக்கவேண்டும் என்று அது வகுக்கிறது. நீர் இறைப்பவனையும் மறக்காமல் சேர்த்த அந்தக் கவனம் பாராட்டத்தக்கது. ஆனாலும் அரசின் கண்ணுக்குத் தெரிவது வேலையின் வகை. வேலை செய்கிறவனின் முகம் அதற்குத் தெரிவதில்லை.

நம் முன்னோர் அயல் துறைமுகத்துக்குப் போனபோது என்ன செய்தார்கள்? சுமத்திராத் தீவின் மேற்குக் கரையில் பாருஸ் பக்கம் லோபு துவா என்ற இடத்தில் 1088ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு நாட்டியது. துறைக்கு வரும் மரக்கல நாயகனும் கப்பலோட்டிகளும் கட்டவேண்டிய பொன்னை அது சொல்கிறது. கற்பூரத்துக்குப் பேர்போன துறை அது. காட்டில் கற்பூர மரத்தைத் தேடி வெட்டிக் கொண்டுவந்து நம் கப்பலில் ஏற்றிய சுமத்திரா மக்களைப் பற்றிக் கல்வெட்டில் ஒரு சொல் இல்லை. நம் கடலோடிகளும் அயல் துறைமுகத் தொழிலாளியைப் பெயர் சொல்லி எழுதவில்லை. இந்தக் குறை ஒரு நாட்டுக்கோ ஓர் இனத்துக்கோ உரியதன்று. கரையில் உழைப்பவனின் பெயரை எழுதவேண்டும் என்ற எண்ணமே உலகுக்குப் பிந்தி வந்தது. பல்லாண்டுகள் தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைக் காத்துவந்த மைசூரில் இதைச் சொல்வது பொருத்தமென்று நினைக்கிறேன்.

பெயர் நிலைத்த ஓர் அரிய நிகழ்வும் உண்டு. ஹாங்காங் துறைமுகத்தில் படகிலேயே பிறந்து வளர்ந்த இங் முக்-கா என்ற பெண்மணி. பிரிட்டிஷ் மாலுமிகள் அவரை ஜென்னி என்று அழைத்தார்கள். அவருடைய தலைமையில் ஒரு பெண்கள் குழு, துறைக்கு வரும் போர்க்கப்பல்களின் பக்கங்களைச் சுரண்டித் தேய்த்துப் பெயின்ட் அடித்தது, தளத்தைச் சுத்தம் செய்தது. கப்பற்படை அவர்களுக்குக் கூலி கொடுக்கவில்லை. கழித்துப் போட்ட கயிறு, பழைய இரும்பு, மிஞ்சிய உணவு, மாலுமிகளுக்குக் குளிர்பானம் விற்கும் உரிமை, இவைதான் ஊதியம். ஹாங்காங் சீனாவிடம் திரும்பிய 1997 வரை அந்த வேலை நடந்தது. கப்பல் தலைவர்கள் எழுதிக் கொடுத்த பாராட்டுக் கடிதங்களை அவர் தொகுத்துப் பத்திரமாக வைத்திருந்தார். 1980இல் பிரிட்டிஷ் அரசின் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. 2009இல் அவர் மறைந்தபோது உலகெங்கும் இருந்த பழைய மாலுமிகள் துக்கப்பட்டார்கள்.

அந்த அன்பு உண்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. கூலியில்லாத உழைப்பு என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே நினைக்கவேண்டும். மாலுமியின் நினைவு இனிமையாக இருப்பதாலேயே தொழிலாளியின் வாழ்வு இனிமையாக இருந்ததென்று முடிவுகட்டக் கூடாது. ஆனால் ஜென்னியின் பெயர் நின்றதற்கு ஒரு காரணம் உண்டு. அவர் கடிதங்களைக் காத்தார். மாலுமிகள் அவரைப் பற்றிப் பேசுவதை நிறுத்தவில்லை. ஒரு பக்கம் ஆவணம், ஒரு பக்கம் நினைவு, இரண்டும் சந்தித்தன. சென்னைத் தண்டலுக்கு இது வாய்க்கவில்லை.

அந்தத் தண்டல்களுடைய தொழில் எப்படி முடிந்தது? 1861இல் சென்னைக் கடலுக்குள் இரும்புத் தூண்கள்மேல் ஒரு பாலம் கட்டினார்கள். புயல் அதைச் சிதைத்தது. 1875இல் செயற்கைத் துறைமுக வேலை தொடங்கியது. முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் வந்த புயல் அலைதடுப்புச் சுவர்களை வாரிக்கொண்டு போனது. மறுபடி கட்டினார்கள். 1904இல் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் துறைமுகத்தின் வாயிலை வடகிழக்குக்கு மாற்றி அமைத்தார். கப்பல் நேராகக் கரையை ஒட்டி நிற்கத் தொடங்கியதும் அலை கடத்த ஆள் தேவைப்படவில்லை. மசூலாப் படகு பெரிய வலை போடும் மீன்பிடிப் படகாகச் சில காலம் வாழ்ந்தது. கட்டுமரத்தை அண்மைக் காலத்தில் ஃபைபர் படகு தள்ளியது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகள் அந்த மாற்றத்தை விரைவுபடுத்தின. தூத்துக்குடியில் கப்பல்கள் தொலைவில் நிற்க, தோணிகள் சரக்கு ஏற்றி இறக்கிய காலம் 1974இல் புதிய துறைமுகம் வந்தபோது பெரும்பாலும் ஓய்ந்தது. சென்னையில் 1983இல் கன்டெய்னர் முனையம் வந்தது. முதுகில் மூட்டை சுமந்தவர்களின் இடத்தைக் கிரேன்கள் எடுத்துக்கொண்டன.

முன்னேற்றத்தை நான் குறை சொல்லவில்லை. அலையில் மனிதர்கள் சாகாமல் இருப்பது நல்லது, முதுகு ஒடியாமல் இருப்பது நல்லது. ஆனால் ஒரு தொழில் மறையும்போது அதன் அறிவும் அதைச் செய்தவர்களின் பெயரும் சேர்ந்து மறையவேண்டும் என்ற விதி இல்லை. அந்த மறைவை நம்மால் தடுக்க முடியும். எப்படி என்பதைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

முதலாவது, ஆவணம். சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கம்பெனிக் காலத்துக் காகிதங்கள் குவிந்துள்ளன. பதக்கம் கொடுத்த அரசு, யாருக்குக் கொடுத்தோம் என்று எங்கோ எழுதித்தான் இருக்கவேண்டும். ராயபுரத்தில் படகுத் தொழிலாளர்கள் தங்கள் உழைப்பின் பணத்தில் எழுப்பிய தூய பேதுரு ஆலயம் இன்றும் நிற்கிறது. கல்யாணம், ஞானஸ்நானம், அடக்கம் ஆகியவற்றைப் பெயரோடு எழுதிவைப்பது தேவாலய வழக்கம். ஆங்கிலக் கடலோடி கேட்காத பெயர்கள் அத்தகைய பதிவேடுகளில் கிடைக்கும் என்பது என் நம்பிக்கை. ஆராய்ச்சி மாணவர்கள் அங்கே போகவேண்டும்.

இரண்டாவது, வாய்மொழி. கன்டெய்னர் வருவதற்கு முன் சென்னையிலும் தூத்துக்குடியிலும் மங்களூரிலும் மூட்டை சுமந்தவர்கள், தோணி ஓட்டியவர்கள் இன்று முதியவர்கள். காசிமேட்டிலும் பழவேற்காட்டிலும் கட்டுமரம் கட்டத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லி அறிந்தவர்கள் அவர்கள். பத்தாண்டு கழித்துப் போனால் அவர்கள் இருக்கமாட்டார்கள். ஒலிப்பதிவுக் கருவி இப்போது எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கிறது. பெயர், பிறந்த ஊர், பார்த்த வேலை, வாங்கிய கூலி, பாடிய பாட்டு, கூட வேலை செய்தவர் பெயர். இந்த ஆறையும் கேட்டால் போதும்.

மூன்றாவது, இந்த அவையிலும் இந்த ஊரிலும் இருக்கும் ஓய்வுபெற்ற கடற்படையினரிடமும் கப்பல் பணியாளர்களிடமும் என் வேண்டுகோள். ஐயா, நீங்கள் போன துறைமுகங்களில் உங்களுக்குப் படகு ஓட்டியவர், துணி வெளுத்தவர், கயிறு பிடித்துக் கட்டியவர் யார்? அவர் பெயர் உங்களுக்கு நினைவிருந்தால் இன்றிரவே ஒரு தாளில் எழுதிவையுங்கள். அவர் எந்த நாட்டவராக இருந்தாலும் சரி, ஏடன்காரராக இருந்தாலும் சிங்கப்பூர்க்காரராக இருந்தாலும் சரி. நம் தண்டல்களுக்கு அயலார் செய்யாததை, அயல்நாட்டுத் தொழிலாளிக்கு நாம் செய்வோம்.

மாணவர்களே, உங்களுக்குக் கடைசியாக ஒன்று. இனி ஒரு பழைய பயணநூலைக் கையில் எடுத்தால், கப்பலில் வந்தவரைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். அவரைக் கரைக்குக் கொண்டுவந்தவர் யார் என்று தேடுங்கள். தேடிக் கிடைத்த பெயரைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி அச்சிடுங்கள். அந்தப் பெயர்கள் இடம்பெறாத வரையில் சென்னைத் துறைமுகத்தின் வரலாறு முழுமை பெறாது. அதை முழுமையாக்கும் வேலை உங்கள் தலைமுறையுடையது.